புங்கமரத்தடிப் பிள்ளையையும் எண்ணினாய்

சின்னவனுக்கு,

சுகமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. இந்தத் தடவை கேட்கப் போவதில்லை. அரூரில் மாடி அறை, தெருமுனையில் ஓட்டல், கூப்பிட்டால் ஆபீஸ் ஜீப் என்று நீ சுகமாகத்தான் இருப்பாய். போன வாரம் உன் கடிதம் வந்தது. வைகாசியில் முகூர்த்தம், அப்பா இல்லாததால் அண்ணனும் அண்ணியும்தான் பெற்றவர்கள் இடத்தில் மணையில் உட்கார்ந்து எல்லாச் சடங்கையும் செய்ய வேண்டும், அண்ணிக்கு என்ன நிறத்தில் பட்டுப்புடவை எடுக்கலாம் என்று கேட்டு எழுதுங்கள் என்று எழுதியிருந்தாய். படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உன் அண்ணி மாதம்மா இந்த வீட்டில் இல்லை. மாசியில் நீ குடும்பக் கட்டுப்பாட்டு முகாம் நடத்திவிட்டுப் போன அந்த வாரமே மகளைத் தூக்கிக்கொண்டு இண்டூரில் அவள் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். அது உனக்குத் தெரியும். ஏன் போனாள் என்பதும் தெரியும். தெரிந்துகொண்டே புடவைக்கு நிறம் கேட்கிறாய்.

நேரில் வந்து சொல்லியிருப்பேன். நேரில் என்றால் நீ பேச ஆரம்பித்துவிடுவாய். மைக் பிடித்துப் பழகிய வாய், நான் ஒன்று சொன்னால் ஒன்பது சொல்லும், கடைசியில் சிரித்துக்கொண்டே "விடும்மா" என்பாய், நானும் சோறு போட எழுந்து போய்விடுவேன். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். இதை ஒளித்து வைத்துப் படிக்க வேண்டும் என்பதும் இல்லை. உன் ஆபீஸ் மேசைமேல் போட்டு வை. உன்னோடு வேலை செய்கிறவர்களும் படிக்கட்டும், உனக்கு மேலே இருப்பவர்களும் படிக்கட்டும்.

முதலில் முகாமுக்கு ஆள் சேர்க்க நீ போட்ட கூட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். நம் ஊர்ப் பள்ளிக்கூடத்து மைதானத்தில் சிவப்பு முக்கோணம் வரைந்த துணியைக் கட்டி, வேப்பமரத்தில் ஒலிபெருக்கியைக் கட்டி, நம் பிள்ளை ஆபீசராகிப் பேசப் போகிறான் என்று ஊரே வந்து உட்கார்ந்தது. பெண்கள் வரிசையில் முன்னால் நான். நாட்டில் ஜனத்தொகை பெருகிவிட்டது, சோறு பற்றாது, துணி பற்றாது, பள்ளிக்கூடம் பற்றாது என்றாய். சரி, கேட்டுக்கொண்டேன். பிறகு கையை நீட்டி என்னைக் காட்டினாய். "எங்க அம்மாவையே பாருங்க, ஆறு பெத்தாங்க, ரெண்டு போச்சு. அந்தக் காலத்துல விவரம் தெரியாது, மழைக்கு மொளைக்கிற மாதிரி பெத்துப் போட்டாங்க" என்றாய். கூட்டம் சிரித்தது. நீயும் சிரித்தாய். எனக்குப் பக்கத்தில் இருந்தவள் தலையைக் குனிந்துகொண்டாள், அவளுக்கு ஏழு. ஒரு ஆபீசர் தன் தாயின் வயிற்றை ஊர் நடுவில் வைத்து வேடிக்கை காட்டுவதற்கு எந்தப் பரீட்சை எழுதித் தேர்வானாய் என்று அன்றைக்கே எழுந்து கேட்டிருக்க வேண்டும். கல்யாணம் ஆகப்போகிற பிள்ளை, நாலு பேர் முன்னால் மானம் போகக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன்.

விவரம் தெரியாதவள் என்றாயே, ஒன்று சொல்கிறேன் கேள். நீ மூன்றாவதோ நான்காவதோ படித்துக்கொண்டிருந்தபோது நான் சில நாள் ஆஸ்பத்திரியில் இருந்தது உனக்கு நினைவிருக்கும். பக்கத்து வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு, அம்மாவுக்கு வயிற்றுவலி என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாய். அது வயிற்றுவலி இல்லை. நீ மேடையில் விளக்கிச் சொன்னாயே, அதே ஆபரேஷன். அப்போது தர்மபுரி தனி ஜில்லா ஆகவில்லை, நாம் சேலத்தைச் சேர்ந்தவர்கள். சுகாதார நிலையத்திலிருந்து ஒரு நர்சம்மா வருவாள், தெற்கத்திப் பெண், வெயிலில் நடந்தே வருவாள். உன் தங்கை கைக்குழந்தை. நர்சம்மா வந்து உட்கார்ந்து மோர் குடித்துவிட்டு, "உங்களுக்குப் போதுமாக்கா, இன்னும் வேணுமா? அத நீங்கதான் சொல்லணும்" என்று கேட்டாள். எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. உங்கப்பா கேட்டதில்லை, என்னைப் பெற்றவள் கேட்டதில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். போய்விட்டாள். அடுத்த முறை வந்தாள், உங்கப்பா எரிந்து விழுந்தார், அவரிடமும் பொறுமையாகப் பேசிவிட்டுப் போய்விட்டாள். அப்புறம் ஒருநாள் நானே அவளைத் தேடிப் போனேன். பெற்றுப் பெற்று ஓய்ந்துபோன உடம்பு, இனிமேல் இல்லை என்று தெரிந்த அன்றைக்கு எனக்கு எவ்வளவு நிம்மதி என்று உனக்கு எழுதிக் காட்ட முடியாது. இந்த ஊரிலேயே முதலில் செய்துகொண்டவள் நான்தான். அதனால் ஜனத்தொகைக்கு எதிரி, முன்னேற்றத்துக்கு எதிரி, படிக்காத கிழவி என்று என்னை ஒதுக்கிவிடப் பார்க்காதே. உன் திட்டத்துக்கு நான் விரோதியல்ல. உன்மீதுதான் எனக்குக் கோபம்.

நீ ஒவ்வொரு மனிதனையும் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறவனாகவே பார்க்கிறாய். எத்தனை தட்டு, எவ்வளவு சோறு, கணக்கு முடிந்தது. காட்டில் வேலை எப்படி நடக்கிறது என்பதை இங்கே பிறந்து வளர்ந்தும் மறந்துவிட்டாய். கடலைக்காய் பிடுங்கும் நாளில் கூலிக்கு ஆள் கிடைக்குமா? மாற்றாள்தான். நம் வீட்டிலிருந்து எத்தனை பேர் ஒரு வீட்டார் காட்டுக்குப் போனோமோ, அத்தனை பேர் அங்கிருந்து நம் காட்டுக்கு வருவார்கள். ஆள் அனுப்பாத வீட்டுக்கு ஆள் வராது. நமக்குக் கிழக்கே இருக்கிற பெரியவரும் அவர் வீட்டம்மாவும் ஒரே பிள்ளையைப் படிக்கவைத்துப் பெங்களூருக்கு அனுப்பினார்கள். நீ சொல்கிற மாதிரி அளவான குடும்பம்தான். அவனும் நல்லவன், மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறான். போன கார்த்திகையில் கடலை முற்றி நின்றபோது மழை பிடித்துக்கொண்டது. இரண்டு கிழங்களும் வரப்பில் நின்றுகொண்டு ஒவ்வொரு காட்டையும் பார்க்கிறார்கள். இவர்கள் யார் காட்டுக்கும் போகாததால் இவர்கள் காட்டுக்கு யாரும் இறங்கவில்லை. எல்லோரும் தங்கள் காட்டை முடித்துவிட்டுப் போவதற்குள் கடலை மண்ணுக்குள்ளேயே முளைத்துவிட்டது. நாமும்தான் போகவில்லை. ஊர் அன்பான ஊர் என்று நான் சொல்ல வரவில்லை. இது இப்படிப்பட்ட ஊர்தான். இந்த ஊரில் ஒருவன் பிள்ளை வேண்டும் என்று நினைத்தால் அதற்குக் காரணம் இருக்கிறது. அதை அறியாமை என்று மைக்கில் சொல்லிச் சிரிக்கிறவனுக்குத்தான் விவரம் போதவில்லை. வீட்டில் ஒருமுறை இதை நான் கேட்டபோது, "வருங்காலத்துல வயசானவங்கள சர்க்கார் பாத்துக்கும்மா" என்றாய். பார்க்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? சர்க்கார் வரும்வரைக்கும் கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்க யார் வருவார், எனக்கு முழங்கால் பிடித்துக்கொண்டால் யார் தூக்கிவிடுவார் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

உன் நடு அண்ணன் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனானே, அங்கே வாடகைக்கு இருந்த வீட்டுக்காரன், "உங்க ஊர்ல ஜனம் ஜாஸ்தி, அதுதான் இங்க வந்து கொட்டறீங்க" என்று சொல்லிவிட்டான். பொங்கலுக்கு வந்தபோது அதைச் சொல்லி அவன் கண் கலங்கினான். அன்றைக்கு நீ குதித்த குதி எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. "எங்கண்ணன் என்ன குப்பையா கொட்டறதுக்கு? ஒழைக்கறதுக்குப் போனவன இப்பிடிப் பேசலாமா?" என்று கத்தினாய். அதே ஜாஸ்தி என்ற பேச்சை ஊர் முன்னால் நீ பேசினாய். உன் வீட்டு ஆளைச் சொன்னால் வலிக்கிறது. அடுத்த வீட்டு ஆளைச் சொல்லும்போது அது திட்டமாகிவிடுகிறது.

இதெல்லாம் பேச்சுதானே என்று விட்டுவிடுவேன். உன் பெரிய அண்ணனுக்கு நீ செய்ததை விடமாட்டேன்.

அவன் யார் என்று உனக்கு நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. உங்கப்பா கிணற்று மேட்டிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்தபோது அவன் எட்டாவது. நன்றாகப் படிக்கிறவன், வாத்தியார் வீட்டுக்கே வந்து கேட்டுக்கொண்டார். மறுநாள் காலையில் புத்தகப் பையை உன் கையில் கொடுத்துவிட்டு மாட்டைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு நீ படித்தாய், ஹாஸ்டலுக்குப் போனாய், காலேஜுக்குப் போனாய். ஒருநாளும் அவன் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. நீ ஊருக்கு வரும்போது பஸ் நிற்கும் இடத்துக்கு வந்து உன் பெட்டியை அவன் வாங்கிக்கொள்வான், நீயும் கொடுத்துவிடுவாய். தம்பி சொன்னால் அவனுக்கு அது சட்டம். அந்த மனிதனைத்தான் நீ ஜீப்பில் ஏற்றினாய்.

உனக்கு நெருக்கடி என்று தெரியும். ஆள் சேர்க்காவிட்டால் சம்பளத்தை நிறுத்துவோம் என்று மேலே மிரட்டினார்கள், இந்த நாட்களில் எதிர்த்து ஒரு வார்த்தை பேச எல்லோருக்கும் பயம் என்பதும் தெரியும். சம்பளம் நின்றால் வீட்டுக்கு வந்திருக்கலாம், களி கிண்டிப் போட்டிருப்பேன். நீ முகாமிலிருந்து அண்ணனைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு வாசலுக்குக்கூட வராமல் போய்விட்டாய். அவன் கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி. அங்கே கொடுத்தார்களாம். மாதம்மா, "ஏதுங்க வாளி?" என்று கேட்டாள். அவன் காலை அகட்டி அகட்டி நடந்து போய்க் கட்டிலில் படுத்தான். எனக்கு அந்த நடையே சொல்லிவிட்டது. அவளை உள்ளே அனுப்பிவிட்டுக் கேட்டேன்.

"தம்பி கேட்டான்மா. ஒருத்தரும் வரமாட்டேங்கறாங்க, நீ வந்தா உன்னப் பாத்து நாலு பேரு வருவாங்கன்னான்."

"மாதம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டியாடா?"

"அப்பறம் சொல்லிக்கலாம்னு தம்பிதான் சொன்னான்."

"ஒரே புள்ள இருக்கறவனுக்குப் பண்ண மாட்டாங்களே. ரெண்டு புள்ளையாவது இருக்கணும்னு அவனே மைக்குல சொன்னானே."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "மேசையில இருந்தவரு எத்தன புள்ளைங்கன்னு கேட்டாரு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள தம்பி ரெண்டுங்க சார்னுட்டான். மண்ணுல கெடக்கறதையும் சேத்துச் சொல்றான்னு எனக்கு அப்பறந்தாம்மா ஒறச்சுது. அத்தினி பேரு முன்னால இல்லீங்கன்னு சொன்னா அவனுக்கு அசிங்கமில்லையா?"

உள்ளே போனவள் உள்ளே போகவில்லை. கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும். பெயர் வைப்பதற்கு முன்னால் போய்விட்ட குழந்தைக்குக் காரியம் கிடையாது, ஒப்பாரி கிடையாது, சொந்தத்துக்குச் சொல்லி அனுப்புவதும் கிடையாது. மாதம்மாவின் தலைப்பிள்ளை ஆண், பெயர் வைக்க நாள் பார்த்திருந்த நேரத்தில் காய்ச்சலில் போனது. உன் அண்ணன் ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்க் காட்டோரத்துப் புங்கமரத்தடியில் வைத்துவிட்டு வந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டினான். அவள் அழுதபோது பெண்களெல்லாம் சுற்றி உட்கார்ந்து வாயைப் பொத்தினார்கள், நானும் அவர்களில் ஒருத்தி. லீவுக்கு வந்திருந்த நீயும் சொன்னாய், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "பேரு கூட வெக்கல அண்ணி, அதப் போயி ஒரு புள்ளைன்னு நெனச்சிக்கிட்டு இருக்காதீங்க." ஆறுதலாகத்தான் சொன்னாய். அவளும் அதை விழுங்கிக்கொண்டாள்.

பங்குனி பிறந்ததும் நான் இண்டூருக்குப் போய் அவளைப் பார்த்தேன். கூப்பிட்டு வரலாம் என்றுதான் போனேன். அவள் மரியாதையாக உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். திட்டவில்லை, திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எனக்குக் கோவம் ஆப்பரேசன் மேல இல்லீங்க அத்தே," என்றாள். "இன்னொண்ணு பொறக்கட்டும், அப்பறம் உங்கள மாதிரி நானே போயிப் பண்ணிக்கலாம்னு இருந்தவதான். அவுரு என்னக் கேக்காததக்கூடப் பொறுத்துக்குவேன், அவுரு தம்பிக்கு அடங்கனவருன்னு தெரிஞ்சிதான் குடும்பம் பண்ணறேன். எம் புள்ள செத்தப்ப அது புள்ளையில்லன்னீங்க. எல்லாருந்தான் சொன்னீங்க. அழக்கூட வுடல. இப்ப ஒரு தல கொறையுதுன்னதும் எப்பிடிங்க அது புள்ளையாச்சு? எனக்கு அத மட்டும் ஆராவது சொல்லட்டும், நான் வந்துடறேன்."

அது நான் சொல்ல வேண்டிய பதில் இல்லை. மேடையில் நின்று, ஜனம் அதிகம், குறைக்க வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்தின நீ, கணக்கில் ஒன்று குறைந்தபோது மண்ணைத் தோண்டி ஒன்றை எடுத்து நிறுத்தினாய். அவள் அதற்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடக்கூட நாம் அனுமதிக்கவில்லை. நீ உன் வேலைக்கு அதைப் பயன்படுத்திக்கொண்டாய். நாட்டு நலம் என்று இதற்குப் பெயர் சொல்லாதே. திருடன்கூடச் சுடுகாட்டுப் பக்கம் போகக் கூசுவான். உன்னைப் பெற்றவள் எழுதுகிறேன், கூசாமல் எழுதுகிறேன்.

அண்ணன் உன்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. அவன் கோபித்துக்கொள்ள மாட்டான், அதுதான் உனக்கு வசதி. இப்போதும் உன் கல்யாணத்துக்குப் பந்தல்காரனிடம் பேசிவிட்டு வந்திருக்கிறான். சாயங்காலமானால் இண்டூர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறான். வண்டி கட்டிக்கொண்டு போய் ஒருமுறை வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டான், உள்ளே போக முகமில்லையாம். ஒரே மகள், அப்பா அப்பா என்று காலைக் கட்டிக்கொள்கிறவள், அவளைப் பார்க்காமல் சோறு இறங்கவில்லை அவனுக்கு. நீ அங்கே புடவைக்கு நிறம் பார்க்கிறாய்.

உன் கடிதம் வந்ததும் நான் ஒரு காரியம் செய்தேன். உனக்குப் பிடிக்காது, இருந்தாலும் தெரிந்துகொள். பஸ் ஏறி அதியமான்கோட்டைக்குப் போய் உனக்கு நிச்சயம் செய்திருக்கிற பெண் சரோஜாவின் வீட்டில் இறங்கினேன். ரோட்டோரத்துக் கடையில் இருந்த அவள் அப்பா ஓடிவந்து, கல்யாண வேலை பேச வந்திருக்கிறேன் என்று நினைத்துக் கலர் சோடா உடைத்துக் கொடுத்தார். நான் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டத்தில் நீ பேசியது, அண்ணனை ஏற்றிக்கொண்டு போனது, மேசைக்கு முன்னால் நீ சொன்ன எண்ணிக்கை, மாதம்மா என்னிடம் கேட்டது, ஒன்றையும் குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை. அவருக்கு முகம் விழுந்துவிட்டது. "நடந்தது நடந்து போச்சுங்க, சர்க்கார் வேலையில இதெல்லாம் சகஜமுங்க, வுடுங்க" என்றார். நான் அவரிடம் பேச வரவில்லை, பெண்ணிடம் பேச வந்தேன் என்றேன். மாதம்மாவை யாரும் கேட்கவில்லை, இவளையாவது முதலிலேயே கேட்டுவிடலாம் என்று வந்தேன் என்றேன்.

சரோஜா வெளியே வந்தாள். பத்தாவது முடித்த பெண், பேச்சில் பயமில்லை. "இப்படிப்பட்டவன் கண்ணு என் பையன். தெரிஞ்சு சரின்னா சரி, வேண்டாம்னா யாரும் உன்னக் கட்டாயப்படுத்தக் கூடாது. உங்கப்பாவும் கூடாது, நானும் கூடாது" என்றேன். அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"அவர மொதல்ல அந்த அக்காகிட்டப் போகச் சொல்லுங்க அத்தே. உங்களுக்கு எத்தன கொழந்தைங்கன்னு அவங்களையே கேக்கட்டும். அவங்க என்ன சொல்றாங்களோ அத எங்கிட்ட வந்து சொல்லட்டும். அதுக்கப்பறம் நான் சொல்றேனுங்க."

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். பத்திரிகை அடிக்க வேண்டாம் என்று தர்மபுரி அச்சகத்துக்கும் உன் அண்ணனை அனுப்பிச் சொல்லிவிட்டேன். இண்டூருக்கு நான் கூட வரமாட்டேன், அண்ணனும் வரமாட்டான், நீ தனியாகப் போக வேண்டும். வாசலில் நின்று அந்தக் கேள்வியைக் கேள். மாதம்மா ஒன்று என்று சொல்வாளோ, இரண்டு என்று சொல்வாளோ, எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. அவள் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்காமல் நில்.

இப்படிக்கு,
அம்மா